லைவ் வியூ: டிஎஸ்எல்ஆர் கமராவின் பின் திரை எதற்கு உதவும்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இப்போது பல பேரின் கையில் பாவித்த டிஎஸ்எல்ஆர் கமரா இருக்கிறது. கலியாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிறவர்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்கு மாறிக்கொண்டிருப்பதால், அவர்கள் விட்ட கெனனும் நிக்கோனும் படிக்கிற பிள்ளைகள் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. அப்படி வாங்கியவருக்கு முதல் நாளே ஒரு புத்திமதி கிடைக்கும்: "திரையைப் பார்த்து எடுக்காதே, கண்ணை வைத்துப் பார்த்து எடு. திரையைப் பார்க்கிறதென்றால் ஃபோன் போதுமே."

இந்தப் புத்திமதியில் பாதி சரி. ஓடுவது, ஆடுவது, பறப்பது எதுவென்றாலும் கண்ணை வியூஃபைண்டரில், அதாவது கமராவின் மேலுள்ள பார்வைத் துளையில், வைத்து எடுப்பதுதான் நல்லது. ஆனால் எடுக்கப்போகிற பொருள் அசையாமல் இருந்தால், கமராவும் முக்காலியில் இருந்தால், பின் திரையைப் போல உண்மை சொல்கிற கருவி அந்தக் கமராவில் வேறு இல்லை. எடுக்கப்போகிற காட்சியை அந்தத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூ என்கிற வசதியைப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். நிறையச் செலவழித்து வாங்கிய கமராவில் அரைவாசியைப் பூட்டி வைப்பது போன்றது அது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

கமராவுக்குள் என்ன நடக்கிறது

டிஎஸ்எல்ஆர் கமராவின் லென்ஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 45 பாகை சாய்வில் ஒரு சிறிய கண்ணாடி தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியேதான். லென்ஸ் வழியாக வருகிற ஒளி அதில் பட்டு மேலே போகிறது. மேலே ஒரு மங்கல் தகட்டில் விழுந்து, அதற்கும் மேலுள்ள பட்டகத்தில் திரும்பி, நீங்கள் கண் வைக்கும் துளைக்கு வருகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். அப்படிப் புகுந்த ஒளியைப் பின்னாலுள்ள இன்னொரு குட்டிக் கண்ணாடி கீழே திருப்பிவிடுகிறது. கமராவின் அடித்தளத்தில் இருக்கும், தானாகக் கூர்மை பிடிக்கிற ஓட்டோஃபோகஸ் உணரி அந்த ஒளியை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது, உண்மையில் படத்தைப் பதிகிற சென்சர் ஷட்டர் திரைக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. நீங்கள் பார்க்கிற காட்சியை அது பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது, ஷட்டர் திறக்கிறது, அந்தச் சிறு கணத்தில்தான் சென்சர் வெளிச்சத்தைக் காண்கிறது. அப்புறம் ஷட்டர் மூடி, கண்ணாடி பழைய இடத்துக்கு இறங்கும். படம் எடுக்கும்போது கேட்கும் 'கிளக்' என்ற சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது.

லைவ் வியூவில் அந்தக் கண்ணாடி மேலேயே நிற்கும், ஷட்டரும் திறந்தே இருக்கும். சென்சர் தன் மேல் விழுகிற பிம்பத்தை இடைவிடாமல் வாசித்துப் பின் திரைக்கு அனுப்பும். வியூஃபைண்டர் இருண்டுவிடும், ஏனென்றால் மேலே போக ஒளி இல்லை. கெனன் கமராக்கள் பலவற்றில் இதற்கான பொத்தான் வியூஃபைண்டருக்கு வலப்பக்கத்தில் இருக்கிறது. நிக்கோனில் 'எல்வி' என்ற அடையாளத்தோடு ஒரு பொத்தானோ சிறு நெம்போ இருக்கும்.

ஃபோன் கமராவில் முதல் நாளிலிருந்தே இருந்த இந்த வசதி டிஎஸ்எல்ஆருக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆரில் முழுமையான லைவ் வியூவை முதலில் தந்தது 2006ல் வந்த ஒலிம்பஸ் இ-330. அடுத்த ஆண்டே கெனன் 40டி, நிக்கோன் டி300, டி3 ஆகியவற்றில் அது வந்துவிட்டது. 2008ல் நிக்கோன் டி90 அதே வழியில் வீடியோவும் எடுத்தது. டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது நீங்கள் லைவ் வியூவில்தான் இருக்கிறீர்கள்.

சரி, இதிலிருந்து கிடைக்கிற முக்கியமான விஷயம் ஒன்றுதான். வியூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் காட்டுகிற காட்சி. திரையில் தெரிவது படமாகப் பதியப்போகிற பிம்பம். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் லைவ் வியூவின் பயன் தெரியும்.

ஃபோகஸ்: அதிகம் உதவுவது இங்கேதான்

விடியற்காலையில் கல்லடியில் வாவிக்கரையில் முக்காலியை நிறுத்தி, 1924ல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தை எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. ஓட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. வியூஃபைண்டரில் பார்த்தால் பாலம் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

லைவ் வியூவைப் போடுங்கள். லென்ஸின் பக்கத்தில் இருக்கும் ஏஎஃப் (ஓட்டோஃபோகஸ்), எம்எஃப் (கையால் ஃபோகஸ்) சுவிட்சை எம்எஃப்புக்குத் தள்ளுங்கள். திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி தெரியும். அம்புக்குறிப் பொத்தான்களால் அதைப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் சேருகிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பூதக்கண்ணாடி அடையாளமுள்ள பொத்தானை அழுத்தினால் கெனனில் அந்த இடம் முதலில் 5 மடங்கு, பிறகு 10 மடங்கு பெரிதாகும். இப்போது லென்ஸின் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். மங்கலாக வீங்கியிருந்த சட்டத்தின் ஓரம் மெலிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் வெட்டியது போல நிற்கும். அங்கே நிறுத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் தாண்டித் திருப்புங்கள், மறுபடி மங்கும். பிறகு திரும்பி வாருங்கள். தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் கூர்மையான இடம் எதுவென்று கண்ணுக்கு உறுதியாகத் தெரியும். ஒருமுறை கை பழகிவிட்டால் நிமிடக்கணக்கில் ஆகாது.

இது ஏன் வியூஃபைண்டரை விட நம்பகமானது? மேலே சொன்ன பாதைகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டோஃபோகஸ் உணரி இருப்பது ஓரிடம், சென்சர் இருப்பது வேறிடம். இரண்டுக்கும் லென்ஸிலிருந்து சம தூரம் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். பாவித்துப் பழசான கமராவில் குட்டிக் கண்ணாடி மயிரிழை அளவு சாய்ந்திருந்தாலும், லென்ஸுக்கும் உடலுக்கும் சிறு பொருத்தமின்மை இருந்தாலும், கமரா 'பீப்' என்று சம்மதம் சொல்லும், ஆனால் முகம் எடுத்தால் கூர்மை அவருடைய கண்ணில் விழாமல் பின்னாலுள்ள காதில் விழும். இதைத்தான் முன்ஃபோகஸ், பின்ஃபோகஸ் என்று சொல்கிறார்கள். லைவ் வியூவில் ஃபோகஸைச் சரிபார்ப்பது படத்தைப் பதிகிற அதே சென்சர் என்பதால் இந்தப் பிழைக்கு அங்கே இடமில்லை.

50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த லென்ஸைத்தான். சிறிய சென்சர் கமராவில், 1 மீற்றர் தூரத்தில், அதன் ஒளி நுழையும் துளையை எஃப் 1.8 வரை முழுதாகத் திறந்து எடுத்தால் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும்), கூர்மையாக இருக்கும் ஆழம் 3 சென்ரிமீற்றர்கூட வராது. மூக்கு நுனி கூர்மையாக இருந்தால் கண் மங்கிவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. இக்கால வியூஃபைண்டர்களின் மங்கல் தகடு, காட்சி வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. எஃப் 1.8ல் வருகிற உண்மையான மங்கலை அது காட்டாது. எஃப் 2.8 அளவிலோ அதற்கும் சிறிய துளையிலோ தெரிவது போன்ற காட்சியைத்தான் காட்டும். ஆகவே கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வியூஃபைண்டர் வழியாகக் கையால் ஃபோகஸ் செய்வது பெரும்பாலும் ஊகம்தான். பழைய கையியக்க லென்ஸ்களைப் பொருத்து வளையம் (அடப்டர்) போட்டு மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இதனால்தான் லைவ் வியூவை விட முடியாது.

உங்கள் லென்ஸ் முன்னே பிடிக்கிறதா பின்னே பிடிக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேசையில் ஒரு பத்திரிகையை விரித்து, கமராவைச் சாய்வாக வைத்து, நடு வரி ஒன்றுக்கு வியூஃபைண்டர் ஓட்டோஃபோகஸால் பிடித்து ஒரு படம். எதையும் அசைக்காமல், அதே வரிக்கு லைவ் வியூவில் பெரிதாக்கிப் பிடித்து இன்னொரு படம். இரண்டிலும் கூர்மையான வரி ஒன்றேயென்றால் கவலையில்லை. வேறென்றால், கெனன் 50டி, 70டி, நிக்கோன் டி7000 போன்ற உடல்களில் திருத்திக்கொள்ள ஒரு மெனு இருக்கிறது. ஆரம்பநிலைக் கமராக்களில் அந்த மெனு கிடையாது. அவற்றை வைத்திருப்பவர் லென்ஸைத் திருத்தகத்துக்குக் கொண்டுபோகும் வரை, அசையாத பொருள்களுக்கு லைவ் வியூவை நம்பலாம்.

இருட்டும் இதே கதைதான். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ நிலவில்லாத இரவில் நட்சத்திரம் எடுக்கப் போனால் ஓட்டோஃபோகஸ் எதையும் பிடிக்காது. லென்ஸ் வளையத்தில் முடிவிலி அடையாளம் இருந்தாலும் அதை நம்பக்கூடாது, அது கொஞ்சம் தள்ளியே இருக்கும். வானத்தில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை அல்லது கடலில் தூரத்தே நிற்கும் ஒரு படகின் விளக்கைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, அந்தப் புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். இந்தத் தேவை பெரிதென்பதால்தான் 2005லேயே, மற்ற மாதிரிகளில் லைவ் வியூ வருவதற்கு முன்பே, வானியல் படங்களுக்கென்று கெனன் வெளியிட்ட 20டிஏ கமராவில் திரையில் ஃபோகஸ் பார்க்கும் வசதியை வைத்தார்கள்.

கூர்மையோடு சேர்ந்த இன்னொன்று, அதிர்வு. கண்ணாடி எழும்பி இடிக்கும்போது கமரா கொஞ்சம் நடுங்கும். மிக வேகமான ஷட்டரில் அது தெரியாது. பல விநாடி திறந்திருக்கும் ஷட்டரிலும் பெரிதாகத் தெரியாது. இரண்டுக்கும் இடையில், ஏறக்குறைய 1/60 விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை, நீண்ட லென்ஸ் போட்டிருந்தால் படம் மெல்ல இரட்டிக்கும். அந்தி வெளிச்சத்தில் வாவியை எடுக்கும்போது ஷட்டர் வேகம் சரியாக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. லைவ் வியூவில் பெரும்பாலான கமராக்களில் கண்ணாடி ஏற்கெனவே மேலே இருப்பதால் அந்த இடி இல்லை. 2 விநாடி டைமரையும் சேர்த்துப் போட்டால் விரல் அழுத்துகிற அசைவும் போய்விடும். ஒன்று மட்டும்: பாலத்தின் மேலேயே முக்காலி வைத்தால், வாகனம் போகும்போது பாலமே அதிரும். அதற்கு எந்த வசதியும் உதவாது. கரைக்கு இறங்கிவிடுங்கள்.

வெளிச்சமும் நிறமும்

வியூஃபைண்டரில் காட்சி எப்போதும் ஒரே வெளிச்சத்தில்தான் தெரியும். நீங்கள் ஷட்டரை எப்படி மாற்றினாலும், சென்சரின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் அது மாறாது. திரையில் மாறும். கெனன் கமராக்களில் வெளிச்சப் பாவனை (எக்ஸ்போஷர் சிமுலேஷன்) இயங்கிக்கொண்டிருந்தால், படம் எவ்வளவு பிரகாசமாக வருமோ அவ்வளவு பிரகாசமாகவே திரையில் காட்டும். துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றோடொன்று எப்படி இழுபடுகின்றன என்று படிக்கிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கமராவை 'எம்' என்ற மனுவல் நிலையில் வைத்து ஒரு சக்கரத்தை உருட்டுங்கள், காட்சி இருளும், வெளிக்கும். விளங்கப்படுத்த வேறொன்றும் தேவைப்படாது.

கோயிலில் இது எப்படி உதவும் என்று பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவர்கள், பின்னால் இருட்டு மண்டபம். கமராவின் வெளிச்சம் அளக்கும் கணிப்பான் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகி மடிப்பெல்லாம் காணாமல் போகும். லைவ் வியூவில் தகவல் பொத்தானைச் சில முறை அழுத்தினால் ஒரு சிறு வரைபடம் வரும், ஹிஸ்டோகிராம். அதன் மலை வலது சுவரில் போய் முட்டி நின்றால் வெள்ளை எரிந்துவிட்டது என்று பொருள். சுவரை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் வரும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் எடுத்த பிறகு பார்த்துத் திருத்துவதை எடுக்க முன்னமே செய்துவிடுகிறீர்கள்.

ஆனால் திரையின் பிரகாசத்தை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவில் திரை அளவுக்கு மிஞ்சிப் பளிச்சென்று தெரியும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படம் இருண்டிருக்கும். உச்சி வெயிலில் அதற்கு நேர்மாறு. ஹிஸ்டோகிராம் வெயிலுக்கும் இருட்டுக்கும் மாறாது. இன்னொரு எச்சரிக்கை: நிக்கோனின் ஆரம்பநிலைக் கமராக்கள் சிலவற்றில் லைவ் வியூவில் இருக்கும்போது துளையை மாற்றினாலும் திரையில் அந்த மாற்றம் தெரியாது. உங்கள் கமரா எந்த வகை என்று ஒருமுறை உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிறத்துக்கு ஓர் உதாரணம் மருதமுனையிலிருந்து. அங்கே நெய்கிற சாரனையும் சேலையையும் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் போட்டு விற்கிறார்கள். கைத்தறித் துணியில் நிறம்தான் எல்லாம். கடையில் நீலமாக இருந்த துணி படத்தில் ஊதாவாகத் தெரிந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார், அது அவர் பிழையும் இல்லை. ஜன்னலிலிருந்து பகல் வெளிச்சம் ஒரு பக்கம், கூரையில் எல்ஈடி குமிழ் மறுபக்கம் என்றால் வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற கமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை (வைட் பலன்ஸ்) தடுமாறும். முதலில் குமிழை அணைத்துவிடுங்கள், ஒரே வகை வெளிச்சம் இருக்கட்டும். கமராவை முக்காலியில் வைத்து லைவ் வியூவைப் போட்டு, துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் எண்ணில் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வைக்கக்கூடிய கமரா என்றால் 5000, 5500, 6000 என்று மாற்ற மாற்றத் திரையில் நிறம் நகர்வதைக் காண்பீர்கள். அந்த வசதி இல்லாவிட்டால் பகல், நிழல், மேகம் என்ற தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கையிலுள்ள துணியும் திரையிலுள்ள துணியும் ஒத்து வருகிற இடத்தில் நிறுத்துங்கள். துணிக்குச் சொந்தக்கார நாநாவையே கூப்பிட்டு, "இந்த நிறம்தானே நாநா?" என்று காட்டலாம். வியூஃபைண்டரை வைத்து அப்படிக் கேட்க வழியே இல்லை.

அதே துணியை 10 மடங்கு பெரிதாக்கினால் ஊடும் பாவும் தனித்தனி இழையாகத் தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள். முழுக் காட்சியில் துணியின் மேல் வானவில் போல நெளிகிற கோடுகள் சில நேரம் தெரியும். நெருக்கமான இழைகளும் சென்சரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருகிற மொய்ரே அது. திரைக்கு அனுப்புவதற்காகக் கமரா சென்சரின் எல்லாப் புள்ளிகளையும் வாசிப்பதில்லை, பலவற்றை விட்டுவிடும். அதனால் படத்தில் வராத கோடுகளும் திரையில் தெரியலாம். பெரிதாக்கிப் பார்த்து அங்கேயும் இருந்தால் கமராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்துங்கள். இல்லாவிட்டால் தைரியமாக எடுங்கள்.

சட்டகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் வியூஃபைண்டர் படத்தில் 95 வீதத்தையே காட்டும். ஓரத்தில் எட்டிப் பார்த்த பிளாஸ்டிக் போத்தல் வீட்டில்தான் கண்ணில் படும். திரை முழுவதையும் காட்டுகிறது. கட்டக் கோடுகளையும் போட்டுக்கொண்டால் கடலும் வாவியும் சரியாமல் நிற்கும். கிழக்குக் கரையில் எடுக்கிற படங்களில் பாதியில் அடிவானம் இருக்கிறது, அது சரிந்திருந்தால் வேறு என்ன நன்றாக இருந்தும் பயனில்லை.

கெனன் 600டி, 700டி, 200டி, நிக்கோன் டி5300 போல திரை வெளியே மடங்கித் திரும்புகிற கமரா என்றால் இன்னும் வசதி. வயல் வட்டையில் கதிர் மட்டத்துக்குக் கமராவை இறக்க, சேற்றில் படுக்கத் தேவையில்லை. கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, கமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழே சாய்த்து எடுக்கலாம். அங்கே ஃபோகஸை முன்கூட்டியே தேர் இருக்கும் தூரத்துக்குப் பிடித்து எம்எஃப்பில் பூட்டிவிடுங்கள்.

கைவிடுகிற இடங்கள்

இரவுக் கூத்துக்குப் போகிறீர்கள். வடமோடி, களரியைச் சுற்றி ஆட்டக்காரர் சுழன்று வருகிறார், அண்ணாவியாரின் மத்தள அடிக்கு ஏற்பக் கால் மாறுகிறது. இங்கே லைவ் வியூவைத் தொடாதீர்கள். பழைய டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூ ஓட்டோஃபோகஸ் படத்திலுள்ள ஒளி-இருள் மாறுபாட்டை வைத்து வேலை செய்கிறது. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, கூர்மை கூடியதா குறைந்ததா என்று பார்த்து, மறுபடி நகர்த்தும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. அது தேடிக்கொண்டிருக்கும்போது ஆட்டக்காரர் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார். வியூஃபைண்டர் வழியாக வேலை செய்கிற உணரி, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை ஒரே பார்வையில் கணித்துவிடும். கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகள், வாவியில் மீன்கொத்தி, வீசி விரிகிற வலை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

முக்காலி இல்லாத நேரத்தில் கைநடுக்கமும் கூடும். கமராவை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்போது நெற்றியும் இரண்டு முழங்கையும் அதைத் தாங்குகின்றன. திரையைப் பார்க்கக் கையை நீட்டினால் அந்தத் தாங்கல் போய்விடும்.

பட்டரியும் வேகமாக இறங்கும். கெனன் 700டிக்கு நிறுவனமே சொல்கிற கணக்கு, வியூஃபைண்டரில் சுமார் 440 படம், லைவ் வியூவில் சுமார் 180. ஒரு கலியாண வீட்டுக்கு லைவ் வியூவை நம்பிப் போகிறவர் இரண்டு பட்டரியாவது கொண்டுபோக வேண்டும். நீண்ட நேரம் இயங்கினால் சென்சர் சூடேறும், சூடேறினால் படத்தில் புள்ளி இரைச்சல் கூடும். நம் ஊர் வெயிலில் இது சீக்கிரமே வரும். திரையில் வெப்பமானி போல ஓர் அடையாளம் வந்தால் அணைத்துவிட்டு ஆற விடுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் சரிசெய்ததும் லைவ் வியூவை அணைக்கிற பழக்கம் இரண்டுக்கும் நல்லது.

உச்சி வெயிலில் திரையே தெரியாது. குடையோ கறுப்புத் துணியோ பிடித்தால் சமாளிக்கலாம்.

வெயிலில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சூரியனை நேரே நோக்கி, அதிலும் நீண்ட லென்ஸோடு, லைவ் வியூவை ஓடவிட்டு வைக்காதீர்கள். சாதாரணமாக மூடியிருக்கும் ஷட்டர் திறந்திருப்பதால் குவிந்த வெயில் நேராகச் சென்சரில் விழும். அடிவானத்தில் சிவந்து எழும்புகிற சூரியன் வேறு, மேலேறிய சூரியன் வேறு. அதற்காக மேலேறிய சூரியனை வியூஃபைண்டர் வழியாகவும் பார்க்கக்கூடாது. அங்கே போவது கண்.

லைவ் வியூ ஓடும்போது லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். கண்ணாடி மேலே, ஷட்டர் திறப்பு, சென்சர் வெறுமையாகக் காற்றில் நிற்கும். கடற்கரைக் காற்றில் என்ன பறக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஸ்டூடியோ ஃபிளாஷ் பாவிக்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் அறை வெளிச்சத்தில் திரை கறுப்பாகத் தெரியும், கமரா பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாஷ் அடிக்கப்போவது அதற்குத் தெரியாது. வெளிச்சப் பாவனையை மெனுவில் நிறுத்தினால் காட்சி வரும். அடுத்தது, வேறு கம்பனி ஃபிளாஷ் கெனனில் லைவ் வியூவில் அடிக்காமல் விடலாம். 'சைலண்ட் ஷூட்டிங்' என்ற தெரிவை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாவித்த கமரா வாங்கும்போது

மேலே சொன்ன மெதுவான ஓட்டோஃபோகஸ் எல்லா டிஎஸ்எல்ஆருக்கும் பொருந்தாது. 2013ல் வந்த கெனன் 70டியில் டுவல் பிக்ஸல் என்ற முறை அறிமுகமானது. சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டாகப் பிரிந்து, வியூஃபைண்டர் உணரி செய்கிற கணிப்பைச் சென்சரிலேயே செய்கிறது. 80டி, 77டி, 800டி, 200டி ஆகியவற்றிலும் அது உண்டு. இவற்றில் லைவ் வியூ ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போய் முகத்தில் நிற்கும், வீடியோவுக்கும் பிரமாதம். கெனன் 600டி, 1200டி, 1300டியில் இது இல்லை. நிக்கோன் டிஎஸ்எல்ஆர்களில் சென்சரிலேயே இப்படிக் கணிக்கிற முறை 2020ல் வந்த டி780ல்தான் கிடைத்தது. மிகப் பழைய உடல்கள் சிலவற்றில் லைவ் வியூவே கிடையாது: கெனன் 400டி, 30டி, நிக்கோன் டி80, டி3000. விலை மலிவு என்று எடுத்துவிட்டு அப்புறம் பொத்தானைத் தேடாதீர்கள்.

கடையில் கமராவைக் கையில் எடுத்ததும் லைவ் வியூவைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி தயங்காமல் எழும்ப வேண்டும், அணைக்கும்போது தயங்காமல் இறங்க வேண்டும். மடங்குகிற திரை என்றால் எல்லாப் பக்கமும் திருப்புங்கள். உள்ளே போகிற நாடா வயர் நைந்திருந்தால் ஏதோ ஒரு கோணத்தில் காட்சி துடிக்கும். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு, ஐஎஸ்ஓ 1600ல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிலையான புள்ளிகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, கொத்தாக இருந்தால் யோசியுங்கள். மூடியைக் கழற்றி, எஃப் 16ல் வைத்து வெள்ளைச் சுவரை மங்கலாக ஒரு படம் எடுத்தால் சென்சரில் உள்ள தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. கடைசியாக, கடைக்காரரின் விலைச்சீட்டைச் சாய்வாக வைத்து, முன்னே சொன்ன இரண்டு படச் சோதனையையும் அங்கேயே செய்துவிடுங்கள். வியூஃபைண்டரும் திரையும் வெவ்வேறு வரியைக் காட்டினால் விலையைப் பேசுவதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது.